சேறு வாரி இறைக்கும் தேர்தல்



தேர்தல் வந்துவிட்டால் கொள்கை ஒதுங்கிக் கொள்கிறது. அவதூறு மேடை ஏறிவிடுகிறது. எதிராளியின் திட்டத்திற்குப் பதில் சொல்ல வகையற்றவன் அவன் குடும்பத்தை இழுக்கிறான், மதத்தை இழுக்கிறான். இது நேற்று முளைத்த நோயன்று.

குடியாட்சிக்குப் பேர்போன அமெரிக்காவைப் பாருங்கள். 1828ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனை வீழ்த்த, அவர் மனைவி ரேச்சலின் மானத்தைச் சந்திக்கு இழுத்தார்கள். முதல் கணவரோடு மணமுறிவு முடிந்ததென்று நம்பி ஜாக்சனை மணந்த பழைய பிழையை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தோண்டி எடுத்தார்கள். ஜாக்சன் தரப்பும் சும்மா இருக்கவில்லை. எதிராளி ஆடம்ஸ், ரஷ்ய மன்னருக்குப் பெண் கூட்டிக் கொடுத்தவர் என்று புளுகியது. ஜாக்சன் வென்றார். ஆனால் அவர் பதவி ஏற்குமுன், அவ்வாண்டு டிசம்பரிலேயே ரேச்சல் இறந்துபோனார். தூற்றியவர்களே மனைவியைக் கொன்றார்கள் என்று ஜாக்சன் கடைசிவரை நம்பினார்.

அமெரிக்காவை மட்டும் பழிப்பானேன்? நம் நாட்டில் 1990 அக்டோபர் பொதுத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். செமாங்காட் 46 கட்சித் தலைவர் துங்கு ரசாலி, சபாவில் கடசான் மக்களின் மரபுத் தலைப்பாகையை அணிந்திருந்தார். அதிலிருந்த பின்னல் கோலம் சிலுவை என்று சொல்லி, வாக்களிப்பு நெருங்கிய வேளையில் அப்படத்தை நாடெங்கும் பரப்பினார்கள். விருந்தினருக்குச் செய்த மரியாதை மதத்துரோகமாக்கப்பட்டது. மறுத்துப் பேச நாளும் இல்லை, நாளேடும் இல்லை.

அவதூறின் சூட்சுமம் இதுதான்: கடைசி நேரத்தில் வரும், பதிலுக்கு இடம் வைக்காது. வேட்பாளரின் தனிநடத்தை பற்றிப் பொய்யுரைத்து வாக்கைத் திருப்புவது 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் நடந்து வருமுன் பொய் ஊர்சுற்றி வந்துவிடுகிறது. இன்று அதற்குக் கைப்பேசி வேறு துணை!

நம் சுங்கை பாக்காப்பில் 2024 ஜூலை 6ஆம் நாள் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. அப்போது குழாய்த் தண்ணீர்ப் பிரச்சினை பேசப்பட்டது. அது நல்ல கேள்வி. வெறுங்குழாயைத் திறந்து பார்த்த வீட்டுப் பெண்ணுக்கு, வேட்பாளரின் பாட்டன் கதை எதற்கு?

நம் வீட்டையும் நாம் கூட்ட வேண்டும். நாம் அறிந்த ஒரு கிளைத் தேர்தலில், சந்தாப் பணத்தைத் தின்றவர் என்று ஒரு தோழர்மீது பெயரில்லாத் துண்டுத்தாள் பறந்தது. அவர் தோற்றார். பிறகு கணக்கைப் பார்த்தால் ஒரு காசும் குறையவில்லை. அவரிடம் எத்தனை பேர் மன்னிப்புக் கேட்டோம்? அன்று பெரட்டில் அந்தத் தாளைப் படித்துச் சிரித்தவர்களில் நாமும் இருந்தோம்.

கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று பால் வெட்டும் தோழருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. புதுப்பட்டை வளரும், முடிச்சு போகாது. மனிதன் பெயரும் அப்படித்தான்.

இதனால் குற்றம் செய்தவனைக் கேட்கக்கூடாது என்பதல்ல. கணக்கைக் கேளுங்கள், கூட்டத்தில், அவர் முகத்துக்கு நேரே, உங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் போடத் துணியாத தாளை அடுப்பில் போடுங்கள். 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளம் கைக்கு முழுதாய் வருகிறதா, வீடு ஒழுகுகிறதா என்பதற்குப் பதில் சொல்பவருக்கே வாக்களியுங்கள். கிராணியானாலும் பால்வெட்டுத் தொழிலாளியானாலும் நமக்குள்ள ஆயுதம் ஒற்றுமை ஒன்றே. சேறு பட்டால் அதுவும் துருப்பிடிக்கும்!