கணவன் பார்த்தாலும் வேவு வேவுதான்

பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டு நின்ற ஒரு கணவர், மனைவியின் அலைபேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமலே எடுத்துவந்து ஆதாரமாக நீட்டினார். மனைவி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2024 அக்டோபரில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்த ஆவணத்தை ஏற்க முடியாது என்று தள்ளினார். அந்தரங்க உரிமை தம்பதிக்கு இடையிலும் உண்டு, அதை மீறிப் பெற்றது சாட்சியம் ஆகாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2025 ஜூலையில் வேறொரு தம்பதியின் வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவுசெய்த உரையாடல்களைக் குடும்ப நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

உச்ச நீதிமன்றம் பேசியது சாட்சியச் சட்டத்தைப் பற்றி. தம்பதி ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால், அந்த உறவு ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்று அது கருதியது. வேவு பார்க்க யாருக்கும் அனுமதிச் சீட்டு தரவில்லை. ஆனால் தீர்ப்பின் நுணுக்கம் வீட்டுக் கூடம் வரை வந்துசேர்வதில்லை. "கோர்ட்டே ஒத்துக்கிச்சு" என்ற ஒரே வரிதான் வந்துசேரும். அதனால் தயங்காமல் சொல்கிறோம்: மதுரையில் சொல்லப்பட்டதே அறத்தின் பக்கம் நிற்கிறது. மனைவியின் கைபேசியில் அவருக்குத் தெரியாமல் உளவுச் செயலியை ஏற்றுகிறவர் குற்றவாளி. சந்தேகம், அக்கறை, அன்பு என்று எந்தப் பெயரைச் சூட்டினாலும் அது குற்றமே.

இந்தச் செயலிகளுக்குப் பெகாசஸ் போன்ற பெரிய வித்தை தேவையில்லை. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் விற்ற பெகாசஸ், கைபேசிக்காரர் எதையும் தொடாமலே உள்ளே புகக்கூடியது. வீட்டு உளவுக்கு வேண்டியது ஐந்தாறு நிமிடம், திரைப்பூட்டின் பேட்டர்ன், அவ்வளவுதான். மனைவி குளிக்கப் போயிருக்கும் நேரம் போதும். ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து செயலியை இறக்கி, கூகுளின் பிளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைத்து, கேட்கும் அனுமதிகளையெல்லாம் அள்ளிக்கொடுத்தால் முடிந்தது. திரையில் அதன் சின்னம் இருக்காது. அமைப்புகளுக்குள் தேடினாலும் கைபேசியின் சொந்த உறுப்பு போலவே ஒரு பெயரில் உட்கார்ந்திருக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்ல உருவாக்கப்பட்ட 'அக்சஸபிலிட்டி' வசதியைத்தான் இவை கைப்பற்றுகின்றன. வாட்ஸ்அப் செய்தி வழியில் பூட்டப்பட்டு வந்தாலும், திரையில் திறக்கும்போது படித்துவிடுகின்றன. மாற்றுத்திறனாளிகளின் கைத்தடியைப் பிடுங்கி மனைவியின் முதுகுக்குப் பின்னால் நிற்பதற்குச் சமம் இது.

பேட்டரி சீக்கிரம் இறங்கும், போன் சுடும், டேட்டா கரையும் என்று அடையாளங்கள் சொல்வார்கள். பழைய கைபேசிகள் எல்லாமே அப்படித்தான். உண்மையான அடையாளம் வேறு. தங்கையிடம் மட்டும் சொன்ன விஷயம் அன்று இரவே கணவர் வாயில் வரும். போகும் வழியில் கோயிலில் நின்றதை, கேட்காமலே அவர் சொல்லிக்காட்டுவார். அந்த நொடியில் ஒரு பெண்ணுக்கு வீடு கூண்டாகிவிடுகிறது.

காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், இவ்வகைச் செயலிகள் அதிகம் அகப்பட்ட நாடுகளில் ரஷ்யாவுக்கும் பிரேசிலுக்கும் அடுத்து இந்தியா நின்றது. தன் பாதுகாப்பு மென்பொருள் உள்ள கைபேசிகளை மட்டுமே அந்த நிறுவனம் எண்ண முடியும். பூட்டுக்கூடப் போடத் தெரியாமல் கைபேசியை வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

விற்கிறவர்களையும் விட்டுவிட முடியாது. 'ஸ்டெல்த்ஜீனி' என்ற உளவுச் செயலியை விற்றவருக்கு 2014இல் அமெரிக்க நீதிமன்றம் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 2021இல் அந்நாட்டின் வணிக ஆணையம் 'ஸ்பைஃபோன்' நிறுவனத்தையும் அதன் தலைவரையும் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே விலக்கியது. களவாகச் சேர்த்த தகவல்களை அழிக்கவும், யார் கைபேசியில் செயலி இருந்ததோ அவர்களுக்குத் தெரிவிக்கவும் உத்தரவிட்டது. போலந்தின் 'லெட்மீஸ்பை' 2023 ஜூனில் இணையத் திருடர்களிடம் சிக்கியது. வேவு பார்க்கப்பட்டவர்களின் குறுஞ்செய்திகளும் அழைப்புப் பட்டியலும் இருப்பிடங்களும் களவுபோயின. ஆகஸ்டில் கடையை மூடினார்கள். மனைவியைக் கண்காணிக்கப் பணம் கட்டியவர், மனைவியின் வாழ்க்கையை முன்பின் தெரியாதவர்களின் கையிலும் கொடுத்திருக்கிறார். அவருக்காக வருந்த எதுவுமில்லை. அந்தப் பெண்ணிடம் இதை யார் போய்ச் சொன்னார்கள் என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

நம் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல், பிற மின்னணுத் தொடர்புகளை ஓர் ஆண் கண்காணிப்பதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை. கணவனுக்கு விலக்கு என்று அதில் எழுதப்படவில்லை. ஆனால் சூழ்நிலையில் நியாயமானதாக இருந்தால் குற்றமாகாது என்றொரு வாசகம் இருக்கிறது. கணவன் தரப்பு வழக்கறிஞர் பிடித்துத் தொங்கப்போவது அதைத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகள், அனுமதியில்லாமல் ஒருவர் கணினியில் நுழைந்து தகவல் எடுப்பதைத் தண்டிக்கின்றன. "போன் என் காசுல வாங்குனது" என்பார் கணவர். வாங்கிக் கொடுத்தது கருவியை. அதில் பேசுகிறவரின் வாழ்க்கைக்கு அவர் ரசீது வாங்கவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அந்த உரிமை வாசற்படியோடு நின்றுவிடக் கூடாது.

பெகாசஸ் கொண்டு அரசு வேவு பார்த்ததாக எழுந்த புகாரில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளைச் சோதித்தது. ஐந்தில் தீங்கு மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தானா என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு சொன்னது. அன்று எழுந்த கோபம் நியாயமானது. அதில் பத்தில் ஒரு பங்கையாவது வீட்டு உளவின் மீதும் காட்டும்படி கேட்கிறோம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பத்து வயதுப் பிள்ளையின் கைபேசிக்குக் கட்டுப்பாடு போடுவது கடமை. பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போடலாம். கல்லூரி போகும் மகளின் கைபேசியில் ஒளித்து வைப்பது வேறு. சாதி மறுத்துக் காதலித்த பெண்கள் சொந்த வீட்டாராலேயே கொல்லப்படும் மண் இது. இங்கே ஒரு மகளின் இருப்பிடம் அவளுக்குத் தெரியாமல் வீட்டார் கைக்குப் போவது உயிர்ப் பிரச்சினை.

சரி, சந்தேகம் வந்த பெண் என்ன செய்வது? "மொபைல் கடைக்குப் போய் ரீசெட் பண்ணு" என்பதே எல்லோரும் சொல்லும் பதில். அவசரத்தில் சொல்லப்படும் ஆபத்தான பதில். செயலி போனது வைத்தவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடலாம். அடிக்கும் கை உள்ள வீட்டில் அன்றைய இரவு என்ன ஆகும்? ஆதாரமும் அழிந்துபோகும். முதலில் அந்தக் கைபேசியில் எதையும் தேடாமல், நம்பகமான வேறொருவர் கைபேசியிலிருந்து 181 மகளிர் உதவி எண்ணையோ ஒரு வழக்கறிஞரையோ அழைக்க வேண்டும். அதன் பிறகு அமைப்புகளில் அக்சஸபிலிட்டி, சாதன நிர்வாகச் செயலிகள் ஆகிய பக்கங்களைத் திறந்து, அறியாத பெயர்களை இன்னொரு கைபேசியால் படமெடுத்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலையும், கூகுள் கணக்கு வேறெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். செயலியே இல்லாமல் இந்த வழியாக மட்டும் படிக்கிறவர்கள் உண்டு. பாதுகாப்பான இடம் உறுதியான பிறகு மற்றது. முழு ரீசெட் பெரும்பாலான உளவுச் செயலிகளைத் துடைத்துவிடும். பழைய பேக்கப்பை அப்படியே திரும்ப ஏற்றக் கூடாது. கடவுச்சொற்களை வேறு கருவியில் மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்து, பிள்ளைகளின் பிறந்தநாள் அல்லாத புதுப் பூட்டு எண் போட வேண்டும்.

இத்தனையையும் பாதிக்கப்பட்டவரே செய்தாக வேண்டியிருப்பதுதான் வெட்கம். காவல் துறை தன் பங்கைச் செய்யட்டும். புகாரோடு வரும் பெண்ணிடம் "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்று சொல்லும் பழக்கத்தைக் காவல் நிலையங்கள் விட வேண்டும். கைபேசியை அங்கேயே துடைத்துக் கொடுத்து அனுப்பாமல், ஒப்புகை கொடுத்து வாங்கித் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்; அதுவரை அவருக்குப் பேச ஒரு மாற்றுக் கைபேசி கிடைக்க வழி செய்ய வேண்டும். 78ஆம் பிரிவில் வழக்குப் பதிய வேண்டும். அந்த முதல் தகவல் அறிக்கையில் செயலியின் பெயரோடு, அதை விற்ற நிறுவனத்தின் பெயரும், பணம் கட்டியவரின் பெயரும் இருக்க வேண்டும்.