லாக்-இன் செய்யாதவருக்கு ஓட்டு இல்லை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பொழுதுபோக்காகத் தமிழ் விக்கிபீடியாவில் எழுத ஆரம்பித்தவன் நான். எங்கள் தென்னேரி, அதன் பெரிய ஏரி என்று நிறைய எழுதினேன், பெரும்பாலும் லாக்-இன் செய்யாமலேயே. அந்தச் சோம்பலின் விலை 2021 ஆகஸ்டில்தான் தெரிந்தது.

விக்கிபீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழுவில் 4 இடங்களுக்கு அப்போது தேர்தல். வேட்பாளர்கள் 19 பேர். எந்த நாட்டில் இருந்தாலும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். சந்தா கிடையாது. ஆனால் ஜூலை 5-க்குள் 300 திருத்தங்கள் செய்திருக்க வேண்டும். கடைசி ஆறு மாதத்தில் 20 ஆவது இருக்க வேண்டும். லாக்-இன் செய்யாமல் எழுதியது நம் பெயரில் சேராதே! எனக்கு ஓட்டு இல்லை.

உத்திரமேரூரின் கி.பி. 921 கல்வெட்டைப் பாருங்கள். குடவோலையில் பெயர் இடம்பெறவே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். (அதன் பிறகும் சீட்டுக் குலுக்கல்தான்.) நிலத்தைக் கேட்பதைவிட உழைப்பைக் கேட்பது எவ்வளவோ மேல்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதுமா? நோட்பேடில் ஒரு வாரம் டைப் செய்து, ஒரே தடவையாக ஒட்டி சேவ் செய்தால் 1 திருத்தம். ஒரு கால்புள்ளியைத் திருத்தினாலும் 1 தான்! எழுதிய அளவையும் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

அதுவரை, எழுத உட்கார்ந்தால் முதலில் லாக்-இன் செய்துவிடுங்கள். ஒரு யூசர்நேம் போதும். எத்தனை வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான்.