'ரெண்டு வெட்டு தானே!' - விரலைப் பறிக்கும் கட்டிங் மெஷின்... கவசத்தைக் கழற்றினால் என்ன ஆகும்?

ஜன்னல் கம்பி வெட்டணுமா, டைல்ஸ் ஓரத்தைச் சரி பண்ணணுமா, துருப்பிடித்த கேட்டைத் தேய்க்கணுமா? எல்லாத்துக்கும் இன்று ஒரே மெஷின்தான். கடையில் ஆங்கிள் கிரைண்டர், பட்டறையில் 'ஏஜி ஃபோர்', வீட்டில் 'கட்டிங் மெஷின்' என்று அதற்குப் பல பெயர்கள்.

ஒரு காலத்தில் வெல்டிங் பட்டறையிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் மட்டுமே இருந்தது இந்த மெஷின். இப்போது இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. மெஷின் வீட்டுக்கு வந்த வேகத்தில், அதைக் கையாளும் பழக்கம் வரவில்லை. பல வருட அனுபவம் உள்ளவர்களும்கூட, 'ரெண்டு வெட்டு தானே' என்று அலட்சியமாக இருக்கும்போது விரலை இழக்கிறார்கள்.

இதில் அப்படி என்ன ஆபத்து? எப்படித் தப்பிப்பது? விபத்து நடந்துவிட்டால் என்ன செய்யணும்? பார்க்கலாம்.

அப்படி என்ன வேகம்?

4 இன்ச் வீல் மாட்டும் சிறிய மெஷின், நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றுகிறது. கணக்குப் போட்டால், வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகளும், உடைந்து பறக்கும் வீல் துண்டும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் வரும். கண்ணை மூடக்கூட நேரம் இருக்காது.

இன்னொரு ஆபத்து, மெஷின் 'உதைப்பது'. வெட்டும் கம்பியோ பலகையோ லேசாக வளைந்து வீலைக் கவ்விக்கொண்டால், சுற்ற முடியாத வீல் மெஷினையே திருப்பி அடிக்கும். ஒரு கையால் பிடித்திருந்தால் மெஷின் தொடையிலோ, முகத்திலோ, மறு கையிலோ வந்து விழும்.

கவசத்தை ஏன் கழற்றுகிறார்கள்?

வீலின் பாதியை மூடியபடி இருக்கும் இரும்பு மூடிதான் கார்டு. வீல் உடைந்தால் துண்டுகளை ஆள் பக்கம் வரவிடாமல் தடுப்பதும், கை வழுக்கினால் விரல் உள்ளே போகாமல் காப்பதும் அதுதான். ஆனால் பல இடங்களில் முதலில் கழற்றப்படுவதும் அதுதான்.

காரணம் வெறும் அலட்சியம் மட்டுமல்ல. கார்டு இருந்தால் மூலைக்குள் வெட்ட முடியாது, வெட்டும் கோடு மறையும், வீல் கொஞ்சம் தேய்ந்ததும் ஆழமாக இறங்காது. சதுர அடிக்கு இவ்வளவு, கேட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை செய்பவருக்கு, வீலையும் கார்டையும் மாற்றும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். சாயங்காலத்துக்குள் வேலை முடியணும் என்று அவசரப்படுத்துபவரும் இதில் ஒரு பங்காளிதான்.

பெரிய மெஷினின் வீலைச் சின்ன மெஷினில் மாட்டுவதற்காகக் கார்டைக் கழற்றுபவர்களும் உண்டு. இதுதான் எல்லாவற்றிலும் மோசம். 7 இன்ச் வீல் தாங்கும் அதிகபட்ச வேகம் பொதுவாக 8,500 சுற்று. அதை 11,000 சுற்று ஓடும் மெஷினில் மாட்டினால் வீல் சிதறும். அப்போது தடுக்க வேண்டிய கார்டும் இருக்காது.

மரம் அறுக்கும் பிளேடை மாட்டலாமா?

கூடாது. இரும்பு வெட்டும் வீல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத்தான் வெட்டும். பல் வைத்த பிளேடு அப்படி இல்லை. மரத்தின் கணுவிலோ, உள்ளே இருக்கும் ஆணியிலோ பல் மாட்டினால் மெஷின் அப்படியே எகிறும். மரம் அறுக்க சர்குலர் ஸா என்று தனி மெஷினே இருக்கிறது. அதற்கு அகலமான அடித்தட்டும், பிளேடைத் தானாக மூடிக்கொள்ளும் கவசமும் உண்டு. ஆங்கிள் கிரைண்டரில் இவை இரண்டுமே இல்லை.

வீல் மேல் என்ன எழுதியிருக்கிறது?

பலரும் படிக்காத ஒன்று இது. அந்த வீல் தாங்கும் அதிகபட்ச வேகம் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது மெஷினின் வேகத்தைவிட அதிகமாக இருக்கணும். வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தைப் பாருங்கள். நல்ல தயாரிப்புகளில் காலாவதி மாதமும் வருடமும் அதில் இருக்கும். வீலின் துகள்களை ஒட்டி வைத்திருப்பது ஒருவகைப் பிசின். நாள்பட்டாலோ, ஈரம் பட்டாலோ அதன் பலம் குறையும். கீழே விழுந்த வீல், ஓரம் உடைந்த வீல், மழையில் நனைந்த வீல் எல்லாம் நேராகக் குப்பைக்குத்தான் போகணும்.

வெட்டும் மெல்லிய வீலை வைத்துப் பக்கவாட்டில் தேய்ப்பதும் தவறு. அது அந்த அழுத்தத்தைத் தாங்காமல் உடைந்துவிடும்.

'எம்சிபி இருக்கே, ஷாக் அடிக்காதுல்ல?'

அடிக்கும். எம்சிபி காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி, அதைத் தாண்டிய மின்சாரம் ஓடினால்தான் விழும். ஆனால் மனித உடலில் 30 மில்லி ஆம்பியர், அதாவது அதில் 500-ல் ஒரு பங்கைவிடக் குறைவான மின்சாரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து.

அந்த அளவு கசிவைக் கண்டுபிடித்து நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் மின்சாரத்தை நிறுத்துவது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்தினால் சுவிட்ச் கீழே விழணும். விழவில்லை என்றால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டைல்ஸ், கிரானைட் வெட்டும்போது தண்ணீர் ஊற்றி வேலை செய்வதால் இது இன்னும் முக்கியம்.

பிளக் இல்லாமல் வயரை அப்படியே சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்குவது, டேப் சுற்றிய வயரை ஈரத் தரையில் இழுத்துப் போடுவது, இரண்டுமே உயிரோடு விளையாடுவது.

கரண்ட் போகும் நேரத்திலும் கவனம் வேணும். தள்ளிப் பூட்டும் சுவிட்ச் உள்ள மெஷினை, கரண்ட் போனதும் அணைக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போவார்கள். கரண்ட் திரும்பியதும் யாரும் தொடாமலே மெஷின் ஓடும். பக்கத்தில் குழந்தை இருந்தால்?

தொடங்கும் முன் என்ன செய்யணும்?

* கார்டும் பக்கவாட்டுக் கைப்பிடியும் மாட்டியிருக்கணும். இரண்டு கையாலும் பிடிக்கணும்.
* வீல் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கணும்.
* வெட்டும் பொருளைக் காலால் மிதித்துப் பிடிக்காதீர்கள். வைஸ் அல்லது கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.
* கூலிங் கிளாஸ் பாதுகாப்பு அல்ல. பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியும், அதற்கு மேல் முகக் கவசமும் வேணும்.
* தொங்கும் துண்டு, துப்பட்டா, தளர்ந்த லுங்கி, கையில் கட்டிய கயிறு எதுவும் வீல் பக்கம் வரக்கூடாது.
* கிரானைட், கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் வரும். தண்ணீர் விட்டு வெட்டுவதோடு, தூசியை வடிகட்டும் மாஸ்க்கும் போடணும்.
* தின்னர், பெயின்ட், பெட்ரோல் பக்கத்தில் தீப்பொறி பறக்க விடாதீர்கள். காலி எண்ணெய் டிரம்மை வெட்டவே வெட்டாதீர்கள். உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும்.
* சுவிட்சை அணைத்த பிறகும் வீல் சில நொடிகள் சுற்றும். நிற்கும் வரை கீழே வைக்காதீர்கள்.

விரல் துண்டானால்?

பதறாமல் செய்தால் விரலைத் திரும்பச் சேர்க்க வாய்ப்பு உண்டு.

முதலில் மெஷினை அணையுங்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் வைக்காதீர்கள். கம்பியோ, நூலோ போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள்.

துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பாத்திரத்துக்குள் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. திசுக்கள் உறைந்து செத்துவிடும். காயம்பட்டவருக்குச் சாப்பாடு, டீ எதுவும் வேண்டாம். உடனே ஆபரேஷன் தேவைப்படலாம்.

108-க்கு அழைக்கும்போதே 'விரல் துண்டாகிவிட்டது' என்று சொல்லுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், டாக்டர் ஆர்.வெங்கடசுவாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைத் துறை இதற்கென்றே இயங்குகிறது. மற்ற ஊர்களில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது. மணிக்கட்டோ, முன்கையோ துண்டானால் நேரம் இன்னும் குறைவு. அங்கே தசை அதிகம் என்பதால் சீக்கிரம் அழுகத் தொடங்கிவிடும்.

கண்ணில் துகள் பட்டால் தேய்க்காதீர்கள். கைக்குட்டை முனையாலோ, நாக்காலோ எடுக்க முயலாதீர்கள். நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

பொறுப்பு யாருக்கு?

வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்றது 1923-ம் வருடத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். கட்டைவிரல் முழுவதும் போனால் 30 சதவீதம், ஒரு கையின் 4 விரல்களும் போனால் 50 சதவீதம், ஒரு கண் போனால் 40 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று அதன் அட்டவணை கணக்கிட்டது. பணியாளர் இழப்பீட்டுக்கான ஏற்பாடு, 2020-ம் வருடச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

ஆனால் அதற்கு முதலாளி என்று ஒருவர் இருக்கணும். சொந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை செய்பவருக்கு யார் முதலாளி? கான்ட்ராக்டர், 'அவர் மெஷின், அவர் வேலை' என்று கைகழுவினால், உறவை நிரூபிக்கும் சுமை தொழிலாளி தலையில் விழுகிறது. வலது கட்டைவிரல் போன தச்சருக்கு உண்மையில் போனது 30 சதவீதம்தானா என்ற கேள்வியும் இருக்கிறது.

அதனால்தான் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்வது முக்கியம். கொத்தனார், தச்சர், வெல்டர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் என 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் பதியலாம். விபத்தில் ஊனமானாலும், உயிரிழந்தாலும் வாரியம் மூலம் உதவித்தொகை உண்டு. பதிவைப் புதுப்பிக்கவும் மறக்கக்கூடாது.

வீட்டில் வேலை நடத்துபவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கூலி பேசும்போதே, 'கார்டு மாட்டித்தான் வெட்டணும், அரை நாள் கூடுதலானாலும் பரவாயில்லை' என்று சொல்லுங்கள். அந்த அரை நாள் கூலி, ஒருவருடைய கையைவிடப் பெரிய செலவு இல்லை.