போகுமுன் எழுதிய துண்டு



2023 யூலையில் அடிலெய்டில் தங்கை வீட்டில் நின்றேன். அவர்கள் சிம்சன் பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு வெளிக்கிட ஆயத்தமானார்கள். பூங்கா என்றதும் பூமரங்களை நினைத்தேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட மணல்மேடுகளாம்! வெயில் கொடுமையால் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை தென் அவுஸ்திரேலியப் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யாது. செய்மதித் தொலைபேசி ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். மேட்டுக்கு அப்பால் வருகிறவர் காண வாகனத்தில் உயரமாக ஒரு கொடி. கணக்குக்கு மேலே இன்னும் சில நாட்களுக்குத் தண்ணீர்.

"வாகனம் பழுதானால் அதை விட்டு நடக்கக்கூடாது அக்கா. அதுதான் நிழல். ஆகாயத்திலிருந்து தேடுகிறவர்களுக்கும் அதுதான் தெரியும்" என்றாள். நடந்து நடந்தே உயிர் தப்பிய எனக்கு இது இலேசில் ஏறவில்லை.

முழங்கால் வலியால் நான் போகவில்லை. பாதை, வாகன இலக்கம், திரும்பும் திகதி எல்லாம் எழுதிய துண்டை என்னிடம் தந்தாள். அன்றிரவு எட்டு மணிக்குள் அழைப்பு வராவிட்டால் நான் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். எப்போது வருவார்கள் என்று தெரியாமலே காத்திருந்து பழகியவள் நான். திகதி தெரிந்து காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

ஆறரைக்கே தொலைபேசி அடித்தது. "அந்தத் துண்டைக் கிழித்துப் போடுங்கோ அக்கா" என்றாள். இன்னும் வைத்திருக்கிறேன்.