எண் போடாத கல்

போன மாதம் பேரன் நண்பர்களோடு அரியலூர்ப் பக்கம் போய்விட்டு, சிதம்பரத்துக்கு என்னைப் பார்க்க வந்தான். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் மிளகு அளவில் நாலைந்து கற்கள், ஒவ்வொன்றும் ஐந்து முனை நட்சத்திரம்.

"என்ன தாத்தா இது?"

"கடல் அல்லியின் தண்டுடா" என்றேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது இயற்கைப் பாடப் புத்தகத்தில் 'லீஸ் த மேர்' என்று அதன் படம் இருக்கும். பெயர்தான் அல்லி, உண்மையில் பிராணி. நட்சத்திர மீனுக்குப் பங்காளி. ஆழ்கடலில் இன்றும் வாழ்கிறது. அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கமெல்லாம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது என்பதற்கு இப்படிப்பட்ட கற்கள்தான் சாட்சி.

காசுகளை அடுக்கியது போன்ற தண்டு அதற்கு. செத்த சில நாளில் சதை அழுகி வில்லைகள் சிதறிவிடும். சேறு திடீரென்று மூடினால்தான் கைகளோடு முழுசாகக் கிடைக்கும். ஜெர்மனியில் ஹோல்ஸ்மாடன் என்ற ஊரில், மிதந்த மரக்கட்டையில் தொற்றியபடியே கிடைத்திருக்கின்றன. நமக்குப் பெரும்பாலும் உதிரி வில்லைகள்தான். வட இங்கிலாந்தில் அவற்றைக் கோத்து ஜெபமாலை செய்தார்களாம்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அந்தப் பக்கம் போய், விரல் நீளத் தண்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். பல வருடம் பீரோவில் கிடந்தது. ஓய்வு பெற்றபின் நிலவியல் படித்த ஒரு பேராசிரியரிடம் காட்டினேன். "எந்த ஊர் சார்? எந்தப் பள்ளம்? எந்த அடுக்கு?" என்று கேட்டார். "அரியலூர்ப் பக்கம்" என்றேன். "அழகா இருக்கு சார், வீட்டிலேயே வெச்சுக்குங்க" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தேதியும் எண்ணும் இல்லாத மனுக்களை முப்பது வருஷம் திருப்பி அனுப்பியவன் நான்!

கல்லைத் தொடவே கூடாது என்கிறார்கள் சிலர். திருவக்கரையில் அது சரி. அங்குள்ள கல்மரங்களை 1781-லேயே சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் குறித்து வைத்தார். ஊர்க்காரர்கள் அவற்றை அரக்கனின் எலும்பு என்பார்கள். இன்று அது பாதுகாக்கப்பட்ட பூங்கா. ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

ஆனால் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் கதை வேறு. இன்று எடுக்காத கல் நாளை சிமெண்டாகிவிடும். அங்கே பொறுக்காமல் விடுவதால் ஒன்றும் பிழைக்கப் போவதில்லை. அனுமதி கேட்டு உள்ளே போகட்டும், உதிர்ந்து கிடப்பதை எடுக்கட்டும் என்பேன். ஆனால் ஊர், இடம், தேதி, எந்த நிற மண்ணில் கிடந்தது என்று அங்கேயே எழுதிவிட வேண்டும். கைகளோடு முழு அல்லி தென்பட்டால் நெம்பக் கூடாது. படம் எடுத்துக்கொண்டு, வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ, பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ சொல்ல வேண்டும். விற்கிறவனிடம் காசு கொடுத்து வாங்கவே கூடாது. அவன் இடத்தைச் சொல்ல மாட்டான்.

பேரனிடம் எந்த இடம் என்று கேட்டேன். "போட்டோ எடுத்தேன் தாத்தா, போனிலேயே இடம் பதிவாகியிருக்கு" என்றான். பழைய நோட்டு ஒன்றை எடுத்து, வரிசை எண் 1 என்று அவன் கற்களைப் பதிந்தோம்.

என் தண்டுக்கு எண் 2. இடம் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று என் கையாலேயே எழுதினேன்.