லயத்து அறைக்குள் ஒரு கடை

கொஞ்சம் நீளமான பதிவுதான். ஒன்லைனில் சாமான் விற்கிறவர்களும், அப்படி விற்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரரும் கடைசி வரை வாசியுங்கள்.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருத்தி. பெயரும் தோட்டமும் வேண்டாம், ஹட்டன் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகாமல், வீட்டிலிருந்தபடியே சின்னப் பிள்ளைகளின் உடுப்பு விற்கத் தொடங்கினாள். முதலில் பேஸ்புக்கில், பிறகு டராஸில். புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்து வருவாள். லயத்தின் முன் அறைதான் களஞ்சியம். கட்டிலுக்கு மேலே பலகை அடித்து அதிலும் பெட்டிகள். தாய் கொழுந்து எடுக்கிறவர். பின்னேரம் மலையிலிருந்து இறங்கி வந்து, கொழுந்துக் கறை படிந்த கையைக் கழுவிவிட்டு, மகளோடு உட்கார்ந்து பார்சலுக்கு டேப் ஒட்டுவார். நாங்கள் போய்ப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறோம். வகுப்பில் அவளை உதாரணமாகவும் சொல்லியிருக்கிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. நத்தாருக்கும் ஜனவரி பாடசாலைப் பருவத்துக்கும் என்று தாயின் சங்கிலியை அடகு வைத்து எடுத்த சாமான் முழுக்க அந்த முன் அறையில் இருந்தது. லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு இரவில் சரிந்தது. உயிர்கள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாட்கள் அவை. நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்காத வீடுகள் இருந்தன. அந்த நேரத்தில் உடுப்புப் பெட்டியைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது. அவளும் பேசவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரில் கடதாசிகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"சேர், என்கிட்ட இன்சூரன்ஸ் இருக்கு. இதுக்குக் கிடைக்குமா?"

பிரித்துப் பார்த்தோம். ஆயுள் காப்புறுதி. மாதம் தவறாமல் கட்டியிருக்கிறாள். அவள் மரணித்தால் தாய்க்குப் பணம் வரும். அவள் உயிரோடிருக்க, அவளுடைய கடை மட்டும் செத்துப்போனால் அந்தப் பத்திரத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது.

அவளைக் குறை சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்கு மாதம் ஒரு முகவராவது வருகிறார். டை கட்டிய தம்பிமார், நல்ல பிள்ளைகள், எங்கள் பழைய மாணவர்கள்கூட உண்டு. அவர்கள் விற்பது ஆயுள் காப்புறுதி. மோட்டார் சைக்கிளுக்குக் கட்டாயம் என்பதால் அதை எடுக்கிறோம். சம்பளத்தில் அக்ரஹாரவுக்கு வெட்டுகிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் ஞாபகம் வரும். இத்தோடு எங்கள் காப்புறுதி அறிவு முடிந்தது. வியாபாரச் சரக்குக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதை, வணிகக்கல்விப் பாடத்தில் காப்புறுதித் தத்துவங்களைக் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிற நாங்களே அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் விசாரித்தோம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

வீட்டுக்கு எடுக்கிற காப்புறுதி, வீட்டில் வைத்திருக்கும் வியாபாரச் சரக்கைப் பொதுவாகத் தாங்காது. டிவி, அலுமாரி வேறு. விற்பதற்கென்று அடுக்கியிருக்கும் 300 சட்டை வேறு. சரக்குக்குத் தீக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். பெயர் தீக் காப்புறுதி என்றாலும் மேலதிகக் கட்டணம் கட்டி வேறு ஆபத்துகளையும் சேர்க்கலாம். வெள்ளம், சூறாவளி, மண்சரிவு, திருட்டு ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'எல்லாம் அடங்கும்' என்று முகவர் வாயால் சொல்வது பத்திரம் அல்ல. மலையகத்தில் மண்சரிவு என்ற சொல் இல்லாத பத்திரத்தை எடுப்பது, குடையை வீட்டில் வைத்துவிட்டு நோர்வூட்டுக்குப் போவது மாதிரி.

இன்னொரு பொறி இருக்கிறது. கட்டணம் குறையட்டும் என்று சரக்கின் பெறுமதியைக் குறைத்துச் சொல்வோம். 6 இலட்சம் ரூபா சரக்கை 3 இலட்சம் என்று எழுதினால், 2 இலட்சத்துக்கு நட்டம் வரும்போது முழு 2 இலட்சமும் கிடைக்கும் என்றுதான் நினைப்போம். பாதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறாய், நட்டத்திலும் பாதிதான் என்று 1 இலட்சத்தோடு நிறுத்திவிடுவார்கள். சட்டப்படி சரியான விதிதான். எழுதும் நேரத்தில் அதை யாரும் விளக்குவதில்லை.

அடுத்த விடயத்தை எழுதலாமா என்று யோசித்தோம், எழுதுகிறோம். கலவரம். சாதாரணத் தீக் காப்புறுதியில் கலகக்காரன் வைத்த நெருப்பு அடங்காது. 1983 ஜூலையில் நுவரெலியாக் கடைத்தெரு எரிந்தபோது பலர் அதைச் சாம்பலில் நின்றுதான் தெரிந்துகொண்டார்கள். வேலைநிறுத்தம், கலகம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு இன்று அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இருக்கிறது. எங்கள் அக்ரஹாரவை நடத்துவதும் அதே நிதியம்தான். எந்தக் கம்பனியில் பத்திரம் எடுத்தாலும் இந்தப் பகுதியை மேலதிகமாகக் கேட்டு வாங்கலாம். 2018 மார்ச்சில் திகனவிலும் 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் எரிந்தவை எங்கள் ஆட்களின் கடைகள். தன் பெயர் தெரியாதபடி பேஜுக்குப் பெயர் வைக்கும் முஸ்லிம் பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். அந்த அளவுக்கு எச்சரிக்கையாக இருப்பவர்கள் இந்த ஒரு வரியைப் பத்திரத்தில் கேட்காமல் விடுவதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

காப்புறுதி ஹராம் அல்லவா என்று கீழே கேட்கப் போகிறீர்கள். வட்டி, நிச்சயமின்மை, சூது பற்றிய உலமாக்களின் கேள்விகள் நியாயமானவை. அதற்காகத்தான் தகாஃபுல் இருக்கிறது; இலங்கையில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. எல்லோரும் ஒரு பொது நிதியில் போடுவது, நட்டப்பட்டவருக்கு அதிலிருந்து கொடுப்பது. தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் காசு போடுகிறதே, பள்ளிவாசலில் ஜனாஸாவுக்கென்று சேர்க்கிறோமே, அதன் தம்பிதான் இது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் தெரியாத பிள்ளை எங்கள் மத்ரஸாவில் இல்லை. கட்டுகிற கயிற்றைத்தான் யாரும் காட்டிக் கொடுப்பதில்லை.

சரி, அவள் இப்போது பத்திரம் எடுக்கலாமா? இங்கேதான் எங்களுக்குக் கோபம் வருகிறது.

வியாபாரப் பதிவு கேட்கிறார்கள். பிரதேச செயலகத்துக்குப் போனால் இடத்துக்கான உறுதி, இல்லாவிட்டால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். லயம் அவளுடையதல்ல. காணி அரசுடையது, 1992 இலிருந்து கம்பனிகளின் கையில். தோட்ட அலுவலகத்தில் கடிதம் கேட்டால், லயத்தில் வியாபாரம் செய்ய யார் அனுமதித்தது என்று திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம். முகவரி என்று பார்த்தால் தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும்தான், வீட்டுக்கு இலக்கமில்லை. ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பம். ஒரு அறையில் மின்னொழுக்கு வந்தால் பன்னிரண்டும் எரியும். அப்படி எரிந்த லயங்களின் படம் எத்தனை தடவை இந்தப் பேஸ்புக்கில் பகிர்ந்திருக்கிறோம்! ஆபத்து மிக அதிகமான இடம் இது. காப்புறுதிப் படிவமோ உறுதியும் உருளைக் கதவும் உள்ள டவுன் கடைக்காரருக்காக அச்சடித்தது.

நாங்கள் கேட்டறிந்தவரை ஒன்று தெளிவு. கட்டடம் அவளுடையதல்லாததால் கட்டடத்துக்கு அவள் காப்புறுதி எடுக்க முடியாது. சரக்கு அவளுடையது. அதற்கு எடுக்க உரிமை உண்டு. தோட்ட நிர்வாகம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் பாதி வேலை முடியும். தொழிற்சங்கத் தலைவர்களே, சம்பளப் பேச்சுவார்த்தைக்கு நடுவில் இதையும் ஒரு தடவை மேசையில் வையுங்கள். கொழுந்து எடுக்காத தலைமுறை ஒன்று அந்த லயங்களுக்குள் இருந்து போனில் வியாபாரம் செய்கிறது.

அரசால் முடியாது என்றும் சொல்ல வேண்டாம். 2016 ஏப்ரலில் அதே தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் மூலம், வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் 25 இலட்சம் ரூபா வரை இயற்கை அனர்த்தக் காப்புறுதி கொண்டு வந்தார்கள். கட்டணத்தை அரசே கட்டியது. அடுத்த மாதமே வெள்ளமும் அரநாயக்க மண்சரிவும் வந்தன. ஒருமுறை செய்தது மறுமுறையும் முடியும். இம்முறை 'சிறு வியாபாரம்' என்ற சொல்லுக்குள் லயத்து அறையையும் சேர்த்து எழுத வேண்டும்.

விற்பனைத் தளங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அமேசனில் ஒரு மாதத்தில் 10,000 டொலருக்கு மேல் விற்கிறவர் 10 இலட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்று விதி. அதன் முதல் நோக்கம் வாங்குகிறவரின் பாதுகாப்பும் அமேசனின் பாதுகாப்பும்தான், இருக்கட்டும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. வீட்டில் காய்ச்சிய கூந்தல் எண்ணெயும் முகக் கிரீமும் விற்கிற தங்கைமாரே, வாங்கியவருடைய முகம் வெந்தால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். அதற்கும் காப்புறுதி உண்டு. அதற்கு முன்னால், என்ன கலந்தீர்கள் என்று போத்தலில் எழுதி ஒட்டுங்கள்.

இப்போதைக்கு அவளைச் செய்யச் சொன்னவை சின்ன வேலைகள். புறக்கோட்டைப் பில்களை அன்றன்றே போனில் படமெடுத்துத் தனக்கே அனுப்பி வைப்பது. ஒரு சி.ஆர். கொப்பியில் வந்த சரக்கு, போன சரக்கு, மிச்சம். அந்த இரவு பில்களும் சேற்றோடு போய்விட்டன. நட்டத்தைக் காட்ட அவளிடம் இருந்தது வாடிக்கையாளருக்கு அனுப்பிய படங்கள் மட்டும். எவ்வளவு பெறுமதி என்று கேட்டபோது அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தது எங்கள் கண்ணிலேயே நிற்கிறது.

சரக்கை இப்போது டவுனில், தெரிந்த ஒருவரின் கடைக்குப் பின்னால் ஒரு தட்டில் வைத்திருக்கிறாள். முகவரி கிடைத்தது, பதிவு நடக்கிறது. போன கிழமை எங்கள் முன்னிலையில் ஒரு முகவரோடு பேசினாள். மண்சரிவும் கலகமும் இருக்கிறதா என்று முதலில் அவளே கேட்டாள். பிறகு இன்னொரு கேள்வி:

"கூரியர் வேனில ஏத்தின பார்சல் வழியில தொலைஞ்சா? காசு இன்னும் என் கைக்கு வரல்லயே, அப்ப அது யாரோட சாமான்?"

தம்பி கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்தார். கொழும்பில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. இந்தத் துறையில் இருக்கிறவர்கள் யாராவது வாசித்தால் கீழே பதில் எழுதுங்கள், அவளுக்கு அனுப்புகிறோம்.