எண்ணெய் வயல் செய்தி பங்கு லாபம் ஆகாது

"ஓ.என்.ஜி.சி. வெளிநாட்டில் எண்ணெய் வயல் பிடிக்கப்போகிறது. செய்தி வருமுன் பங்கை வாங்கினால் லாபம்." தாராசுரத்தில் தறிக்கூலியைச் சேர்த்து வைத்தவர்களும் இதை நம்புகிறார்கள். தவறு.

ஒன்று: ஒப்பந்தம் போட்டாலே வயல் கைக்கு வராது. கஜகஸ்தானின் காஸ்பியன் கடல் வயலான கஷகானில் 8.4 சதவீதப் பங்குக்கு ஓ.என்.ஜி.சி. தரப்பு 2012இல் கையெழுத்திட்டது. மறு ஆண்டே அந்நாட்டு அரசு, வாங்குவதில் தனக்குள்ள முன்னுரிமையைக் காட்டி அந்தப் பங்கை எடுத்துக்கொண்டது.

இரண்டு: வயல் கைக்கு வந்தாலும் எண்ணெய் வரவேண்டும். ரஷ்யாவில் வயல்கள் வைத்திருந்த இம்பீரியல் எனர்ஜி நிறுவனத்துக்கு விலை பேசியது 2008இல். சுமார் 210 கோடி டாலர் கொடுத்து 2009 ஜனவரியில் வாங்கியபோது கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே. உற்பத்தியும் எதிர்பார்த்தபடி இல்லை. இந்திய அரசுத் தணிக்கை அறிக்கை இந்த வாங்கலைக் கண்டித்தது.

எண்ணெய் தந்த ரஷ்யாவின் சகாலின் வயல்? 2001இல் நுழைந்தார்கள், எண்ணெய் 2005இல்தான் வந்தது. அதுவரை காத்திருப்பீர்களா?

பக்கத்திலுள்ள ஓ.என்.ஜி.சி.யின் கதிராமங்கலக் கிணறு என்ன தருகிறதென்றே அறியாத நாம் காஸ்பியன் கடலடியைக் கணிப்பதா? தறிக்கூலியை இதில் போடாதீர்கள்.